எந்தப் பக்கம் பிழைப்பது?

மார்கழி மாதத்து விடியற்காலை. செவ்வாப்பேட்டையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் ஆறு மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் என் பழைய ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கியிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஒலி திடீரென்று மெலிந்து, கூர்மையாகி, மறுகணம் கம்பி அறுந்தாற்போல் நின்றது. பின்சக்கரம் உருளாமல் சாலையில் தேய்ந்துகொண்டு போயிற்று. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது. 'சீஸ் ஆயிடுச்சு' என்று மெக்கானிக்குகள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற அந்த விபத்து, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொண்டது.

குற்றம் யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. என்னுடையதுதான். அதற்கு முந்தைய கத்திரி வெயிலில், மைலேஜ் கூடட்டும் என்று, கார்புரேட்டரின் முதன்மை ஜெட்டைக் கழற்றிவிட்டு ஓர் எண் சிறிய ஜெட்டை நானே மாட்டியிருந்தேன். கோடை முழுவதும் வண்டி அருமையாக ஓடிற்று. என் கெட்டிக்காரத்தனத்தை நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன். ஏழு மாதம் பொறுத்திருந்து மார்கழி அந்தக் கணக்கைத் தீர்த்தது.

இது எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், பின்னால் நாம் கேட்கப்போகும் கேள்வி எளிதாகப் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே வடிவமைத்த எளிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் வழித்தோன்றல்களே நம் ஊர்ச் சாலைகளை ஒரு தலைமுறைக் காலம் ஆண்டவை. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரும், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த இன்ஜினில் எண்ணெய்க்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலில் கரைத்த எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புத் தருகிறது. உள்ளே ஆவியாகும் பெட்ரோல் பிஸ்டனின் சூட்டையும் ஓரளவு தணிக்கிறது. அதாவது, எரிபொருளே இங்கு உணவும், மருந்தும், தண்ணீரும். அது குறைந்தால் மூன்றும் ஒருசேரக் குறைகின்றன.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டர் இந்த விகிதத்தை நிறுத்துப் பார்த்துக் கலப்பதில்லை. ஒடுங்கிய குழாய் வழியே விரையும் காற்றின் உறிஞ்சலுக்கு ஏற்ப, ஜெட்டின் சிறு துளை வழியே பெட்ரோலை விடுகிறது. அவ்வளவே. காற்று கனமா, இலேசா என்பது அதற்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் பகுதியில் கத்திரி நாளின் நண்பகலில் வெப்பம் 42 பாகையைத் தொடும். மார்கழி விடியலில் 20 வரை இறங்கும். கோடைக் காற்று அந்தக் குளிர்காற்றைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு இலேசானது. கார்புரேட்டர் இதில் பாதியை மட்டும் தானாகச் சரிசெய்துகொள்கிறது. மீதிப் பாதி, மூன்றரை விழுக்காடு போல, கலவையில் தங்கிவிடுகிறது. கோடையில் கலவை தானாகவே சற்றுக் கெட்டியாகும், குளிரில் மெலியும். கோடையின் கெட்டிமை என் சிறிய ஜெட்டின் குறையை மறைத்து வைத்திருந்தது. மார்கழி அந்தத் திரையை விலக்கிற்று.

மூன்றரை விழுக்காடு என்பது சிறிய அளவு. கொடைக்கானலுக்கு, 2,100 மீட்டர் உயரத்துக்கு, இதே வண்டியை ஓட்டிப்போனால் இதைப்போல் மூன்று மடங்கு மாற்றம் நேரும். கடல் மட்டத்தை ஒட்டிய நம் சமவெளியில், ஜெட்டின் துளை தொழிற்சாலையில் விட்டபடியே இருந்தால், ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவு போதும்; பருவத்துக்குப் பருவம் திருகுபவர்கள் பெரும்பாலும் தம் அமைதியின்மையைத்தான் திருகுகிறார்கள். (அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்பவர்களைப் பற்றி ஒரு சொல்: 0.98 மில்லிமீட்டர்த் துளை, குத்திக் குத்தி 1.02 ஆனால் அதன் பரப்பு 8 விழுக்காடு கூடிவிடுகிறது. காற்றால் ஊதுங்கள், கம்பியைத் தொடாதீர்கள்.)

ஆனால் 'ஆண்டுக்கு ஒரே அளவு' என்பதன் பொருளைக் கவனிக்க வேண்டும். அந்த அளவு எந்த நாளிலும் முழுச் சரியாக இருக்காது. ஏதேனும் ஒரு பக்கம் சற்றுப் பிசகியே இருக்கும். ஆகவே எது சரியான அளவு என்று கேட்பதில் பயன் குறைவு. எந்தப் பக்கம் பிசகலாம் என்பதே கேள்வி.

வண்டியைச் சீர்செய்த மெக்கானிக்குக்கு இதில் ஐயமே இல்லை. பழைய ஜெட்டைவிடவும் ஓர் எண் பெரியதை மாட்டினார். லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் போதும் என்று எழுதியிருந்த இடத்தில் 'நாப்பதே ஊத்துங்க' என்றார். 'புகை போனா போவட்டும் சார். வண்டி சூடாவாது. இனிமே உங்களுக்கு நடுரோட்டுல நிக்கிற வேலையே இருக்காது' என்றார். அவர் சொன்னது உண்மை. அடுத்த ஓராண்டு வண்டி ஒருநாளும் நிற்கவில்லை.

அந்த ஓராண்டுக்குள் ஒரு மாலை, ரயில்வே கேட் மூடியிருந்தது. அரக்கோணம் பாதையில் ஒரு ரயில் போனதும் கேட் திறப்பார்கள் என்று நம்பி இன்ஜினை நிறுத்தாமல் நின்றேன். எதிர்த்திசையில் இன்னொன்றும் வர வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். என் சைலன்சருக்கு நேர் பின்னே, கைக்குழந்தையுடன் ஒரு பெண் நின்றிருந்தார். முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவதுபோல, தவிர்க்க முடியாத ஒன்றுக்கு ஒதுங்கிய பாவனை மட்டுமே இருந்தது. என் இன்ஜின் பத்திரமாக இருந்தது. அதற்கான விலை எங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கலவை மெலிந்தால் கேடு என் பிஸ்டனுக்கு. கெட்டியானால் கேடு எனக்குப் பின்னால் வருபவரின் மூச்சுக்கு. ஒரே திருகின் இரு பக்கங்கள் இவை. ஆனால் இரண்டு கேடுகளும் ஒரே ஆளின் தலையில் விழுவதில்லை. மெக்கானிக் 'பாதுகாப்பான பக்கம்' என்று சொன்னபோது, யாருக்குப் பாதுகாப்பு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உலகத்தில் 'பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாக' என்று நாம் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் பலவற்றிலும் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் கிடக்கிறது. வயலுக்கு ஒரு தடவை கூடுதலாக அடிக்கும் மருந்து, ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஐம்பது அடி இறக்குவது, எல்லைச் சுவரை ஓரடி வெளியே எழுப்புவது: அச்சம் நம்முடையது, செலவு அடுத்தவருடையது.

தமிழில் 'பிழைத்தல்' என்ற ஒரே சொல் தவறு செய்தலையும் குறிக்கிறது, உயிர் வாழ்தலையும் குறிக்கிறது. இலக்கணம் படித்த நண்பர்கள் இதற்கு வேறு விளக்கம் தரக்கூடும். எனக்கோ, கேட்டருகே நின்ற அந்த மாலையில், இரண்டும் ஒன்றாகவே பட்டன. நான் பிழைப்பதற்காக அடுத்தவர் பக்கமாகப் பிழைத்திருந்தேன்.

அறத்தை 'நடு' என்று சொன்னவர் அரிஸ்டாட்டில். அவருடைய நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூலைப் படிப்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவது வழக்கம். மிகையும் வேண்டாம், குறையும் வேண்டாம், நடுவே நில் என்று அவர் சொன்னதாக எளிமைப்படுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த நூலின் முடிவில் அவர் வேறொன்றையும் சொல்கிறார். வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிப்பது எல்லாருக்கும் ஆவதல்ல. நடுவைத் தொடுவது கடினம். ஆகவே இரண்டு ஓரங்களில் எது குறைந்த தீமையோ அதன் பக்கம் சாய்ந்து நில் என்கிறார். அதோடு, உன் இயல்பு உன்னை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அறிந்துகொண்டு, வளைந்த மரத்தை நிமிர்த்துபவர் மறுபுறம் வளைப்பதுபோல், எதிர்ப்பக்கம் உன்னை இழுத்துக்கொள் என்றும் சொல்கிறார். இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய அவருக்குக் கார்புரேட்டர் தெரியாது. ஆயினும் திருப்புளியைக் கையில் பிடித்தவனுக்கு இதைவிட நேரான அறிவுரை கிடைக்காது. நம் இயல்பு நம் இன்ஜினின் பக்கம்தான் இழுக்கும். அதை நாம் அறிந்தே மறுபக்கம் சற்று வளைக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். மாதச் சம்பளக்காரன் ஒருவன் மனசாட்சியைப் பற்றி எழுதுவது எளிது. விடியுமுன் கிராமங்களில் பால் சேகரித்து, மொபெட்டின் இரு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் வருகிறாரே, அவருக்கு இன்ஜின் இறுகினால் அன்றைய பால் திரிந்துவிடும். அந்த வாரத்தின் சோறு போய்விடும். அவர் ஒரு கை எண்ணெய் கூடுதலாக ஊற்றினால் அதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். இழப்பைத் தாங்க முடியாதவருக்கும் தாங்க முடிந்தவருக்கும் ஒரே அளவுகோல் நீதியாகாது. அரிஸ்டாட்டிலே, மல்லன் மைலோவுக்கு ஏற்ற உணவளவு பயிற்சியைத் தொடங்குபவனுக்கு ஏற்றதல்ல என்கிறார். ஆனால் அந்தப் பால்காரரைக் காட்டி என் சைலன்சரை நான் நியாயப்படுத்திக்கொள்ள முடியாது. அவருடைய வறுமை அவருக்குத் தரும் சலுகையை நான் இரவல் வாங்கக் கூடாது.

அவருக்கு ஒரு செய்தி மட்டும் சொல்லலாம். அறிவுரை அல்ல, கணக்கு. எண்ணெயைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது; ஜெட்டின் வழியே வருவது அதே அளவு திரவம்தானே? ஆக, பயந்துபோய் ஊற்றும் கூடுதல் எண்ணெய் கலவையை மெலியவே செய்கிறது. புகைக்கும் கரிக்கும் காரணமாகிறதே தவிர, அவர் எதிர்பார்க்கும் பாதுகாப்பு முழுவதும் அதில் கிடைப்பதில்லை.

அரசு இந்தக் கேள்வியைச் சட்டத்தால் தீர்க்க முயன்றது. 1998 டிசம்பர் முடிவில் டெல்லியில் எண்ணெயைக் கையால் ஊற்றுவது நிறுத்தப்பட்டு, பெட்ரோல் பங்குகளில் அளவோடு கலந்தே தரும் முறை வந்தது. பங்களாதேஷின் டாக்கா நகரம் 2003 ஜனவரியில் டூ-ஸ்ட்ரோக் மூன்று சக்கர வண்டிகளையே விலக்கியது. நம் நாட்டில் 2004 அக்டோபர் முதல், 2000 மார்ச் 31-க்கு முன் செய்யப்பட்ட இரு சக்கர வண்டிகள் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காட்டுக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்குக்கும் மேல் விடக் கூடாது என்றாயிற்று. ஆனால் இந்தச் சோதனை வண்டி நின்றபடி, ஐடிலிங்கில் செய்யப்படுவது. ஐடிலிங்கை ஆள்வது ஒரு சிறு திருகு. ஓடும்போது ஆள்வதோ ஜெட். சோதனைக்கு முன் அந்தத் திருகை அரைச் சுற்றுத் திருகிக்கொள்வதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் திருப்பிவிடுவதும் பட்டறைகளில் தெரியாத வித்தையல்ல. நானும் ஒருமுறை அப்படிச் சான்றிதழ் பெற்றவன்தான். அதில் எழுதியிருந்த எண்கள் பொய்யல்ல. அந்த ஐந்து நிமிடங்களுக்கு அவை உண்மை.

இந்த அரைச் சுற்றை ஏழை மெக்கானிக்கின் சிறு தந்திரம் என்று இகழ்ந்துவிடவும் முடியாது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிக்கொணர்ந்த வோக்ஸ்வாகன் விவகாரம் இதே அரைச் சுற்றுதான். சோதனை நடப்பதைக் கணினி நிரல் கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையை அடக்கிற்று. சாலைக்கு வந்ததும் விட்டுவிட்டது. உலகமெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த நிரல் இருந்தது. திருப்புளியின் இடத்தில் நிரல் வந்ததே தவிர, கைக்குப் பின்னிருந்த மனம் மாறவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் நம் புதிய இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்கே இடமில்லை; மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. கலவையை முடிவு செய்யும் பொறுப்பு ஓட்டுபவர் கையிலிருந்து எங்கோ ஒரு பொறியாளரின் மேசைக்குப் போய்விட்டது. பொறுப்பு இடம் மாறியதே அல்லாமல் மறையவில்லை.

என்னிடம் இன்னும் அந்தப் பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. பதிவைப் புதுப்பித்து, அவ்வப்போது ஓட்டுகிறேன். அதற்கு இப்போது வந்திருப்பது பருவத்தைவிடப் பெரிய மாற்றம். 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டது. எரிய அதற்குக் குறைந்த காற்றே போதும். எனவே வெறும் பெட்ரோலுக்கென்று வைத்த பழைய ஜெட்டில் இந்தக் கலவை ஏறத்தாழ 7, 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. கத்திரிக்கும் மார்கழிக்கும் உள்ள வேறுபாட்டைப் போல் இரண்டு மடங்கு! ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் உப்புகின்றன. நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக் கலவை பிரிகிறது. ஒருமுறை சரியாக வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நான் நினைத்திருந்த அளவு, நான் தொடாமலே பிழையாகிவிட்டது. மெக்கானிக்கின் கொழுத்த ஜெட் இன்று ஏறக்குறையச் சரியான ஜெட்டாக ஆகியிருப்பது வேடிக்கைதான்.

ஆகவே மீண்டும் ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்தேன். முதலில் காற்று வடிகட்டியைக் கழுவி உலர்த்தினேன். புழுதி அடைத்த வடிகட்டியோடு கலவையைச் சரிசெய்வது, கண்ணாடியைத் துடைக்காமல் கண் மருத்துவரிடம் போவதைப் போன்றது. சைலன்சரின் கரியை எடுத்தேன். மிதவை அறையின் அடியில் படிந்திருந்த பிசினைக் கழுவினேன். புதிய பெட்ரோல் குழாய் மாட்டினேன். வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடேறவிட்டு, நிறுத்தி, ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, கலவைத் திருகைக் கால்சுற்றுக் கால்சுற்றாகத் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் மிக வேகமாக, மிகச் சீராகச் சுற்றும் ஓரிடம் வரும். காது அதை உடனே சொல்லிவிடும். அங்கே விட்டேன். பழக்கத்தின்படி கை இன்னும் அரைச் சுற்றுக் கெட்டிப்பக்கம் போகப் பார்த்தது; நிறுத்திக்கொண்டேன். பெரிய ஜெட் இருந்தபடியே இருந்தது. எண்ணெய், அளவுகோப்பையில் லிட்டருக்கு 20 மில்லி. மறுநாள் முழு ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளையும் இல்லை, கரியும் இல்லை. செங்கல் நிறத்துக்குச் சற்று வெளுத்த பழுப்பு.

வெளுத்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டென்று எனக்குத் தெரியும். இன்ஜினுக்கு முன்பு கிடைத்த கூடுதல் பாதுகாப்பு இப்போது இல்லை. அந்தப் பாதுகாப்பை வேறெங்கிருந்தாவது எடுத்துத் தர வேண்டும். யோசித்துப் பார்த்ததில், யாருக்கும் கேடில்லாமல் எடுக்கக்கூடிய ஒரே இடம் என் வேகம்தான் என்று தோன்றிற்று. ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் முறுக்குவதில்லை. இருவர் ஏறினால் இன்னும் குறைவு. மார்கழியில் வண்டியைக் கிளப்பி, சூடேறும்வரை மெல்லப் போகிறேன். கேட் மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்திவிடுகிறேன். இவ்வளவுக்கும் ஒரு பயணத்தில் எனக்கு ஆகும் செலவு பத்து நிமிடம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பனிக்காலையிலேயே பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால், சிறிய ஜெட்டோடும் ஒருவேளை காக்களூர் போய்ச் சேர்ந்திருப்பேன். இது இத்தனை காலம் எனக்குத் தோன்றவே இல்லை, திருகில் தேடிக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் பால்காரரைக் கண்டேன். அவர் மொபெட்டிலிருந்து வழக்கம்போல் நீலப்புகை. அளவுகோப்பை ஒன்றைக் கொடுத்துக் கணக்கைச் சொன்னேன். 'இருபதுதானா சார்? நாப்பது ஊத்தச் சொன்னாங்களே' என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கோப்பையைக் கேன் மூடியின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு போனார். புகை அன்று குறையவில்லை; தொட்டியில் பழைய கலவை மிச்சமிருக்கும்.